மட்டக்களப்பில் முழங்கால் எம்.ஆர்.ஐ.: ஒரு ஸ்கேன் நிலையத்தின் சேவை பற்றிய மதிப்பீடு

மட்டக்களப்பு நகரில் இயங்கும் தனியார் ஸ்கேன் நிலையம் ஒன்றில் அண்மையில் எங்கள் வீட்டைச் சேர்ந்த இருவருக்கு முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஒருவர் என் தம்பி. உதைபந்தாட்டத்தின்போது ஊன்றிய கால் நிலத்தில் நிற்க, உடல் மட்டும் திரும்பியதால் அவருடைய முழங்கால் பூட்டிக்கொண்டு, முழுமையாக நீட்ட முடியாமல் போயிருந்தது. மற்றவர் எங்கள் அம்மா. நெடுங்காலம் வயலிலும் அடுப்படியிலும் குந்தியிருந்து வேலை செய்தவர். படி ஏறி இறங்கும்போது முழங்காலின் உட்பக்கத்தில் நோகிறது என்பது அவருடைய முறைப்பாடு. இருவருக்கும் வைத்தியர்கள் சந்தேகித்தது ஒன்றே: மெனிஸ்கஸ் கிழிவு. இருவரும் ஒரே இயந்திரத்தில் படுத்தார்கள், ஒரே கட்டணத்தைச் செலுத்தினார்கள். ஆனால் தம்பிக்கு அந்த ஸ்கேன் சிகிச்சை எதுவென்பதையே தீர்மானித்தது; அம்மாவுக்கோ அது எதையும் மாற்றவில்லை. நிலையத்தின் குறைகளையும் எழுதவிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். அந்தக் குறைகளிற் பல அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியவையும் அல்ல.

தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே, உட்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகப் பிறை வடிவில் அமைந்த நார்க்குருத்தெலும்புத் தட்டுகளே மெனிஸ்கஸ் எனப்படுகின்றன. உடற்பாரத்தைப் பரப்பித் தாங்குவதும் மூட்டின் அசைவைக் கட்டுக்குள் வைப்பதும் அவற்றின் வேலை. உட்பக்கத் தட்டு மூட்டின் உட்பக்கத் தசைநாரோடு இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் நகராது. ஆகவே அதுவே அதிகமாகக் கிழிகிறது. வெளியோரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத்தான் நல்ல இரத்த ஓட்டம் உண்டு. அந்தப் பகுதியில் ஏற்படும் கிழிவு தைத்தால் பொருந்தக்கூடியது. உள்ளோரத்துக் கிழிவு தானாக ஆறுவது அரிது. எனவே முழங்காலுக்குள் கிழிவு உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் ஸ்கேன் அறிக்கை பாதி அறிக்கையே. எந்தப் பக்கம், எந்தப் பகுதி, எந்த வடிவம், எவ்வளவு நீளம், இடம் பெயர்ந்த துண்டு உண்டா, மூட்டின் நடுவே குறுக்காகச் செல்லும் சிலுவைத் தசைநார்கள் எப்படியிருக்கின்றன என்பவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் மெனிஸ்கஸ் தெரியாது. ஆனாலும் எலும்பு முறிவு இல்லையென உறுதிப்படுத்துவதற்கும், வயதானவர்களில் மூட்டு இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பதற்கும் எக்ஸ்ரேதான் முதலில் வேண்டும். இடைவெளியைப் பார்ப்பதற்கு நின்ற நிலையில் எடுத்த படமாக இருத்தல் அவசியம், ஏனெனில் படுத்திருக்கும்போது உடற்பாரம் இல்லாததால் இடைவெளி உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். அல்ட்ராசவுண்ட் மலிவானது, பல இடங்களில் கிடைப்பது. முழங்காலின் பின்புறத்து நீர்க்கட்டியையும் மெனிஸ்கஸின் வெளியோரத்தையும் அதில் காணலாம். எலும்புகளுக்கு இடையே ஆழத்தில் இருக்கும் பகுதியை அதனால் எட்ட முடியாது. தம்பிக்கு முதலில் வேறோரிடத்தில் அல்ட்ராசவுண்ட் எடுத்து, மூட்டில் நீர் சேர்ந்திருக்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது பிழையல்ல; பூட்டிக்கொண்ட முழங்காலைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு அது விடையும் அல்ல.

முன்பதிவின்போது கட்டணத்தை முழுமையாகச் சொன்னார்கள். பின்னர் அதில் ஒரு சதமும் கூடவில்லை. கொழும்புக்கு இரவு ரயிலில் மடங்காத முழங்காலோடு அமர்ந்து போய் வந்தவர்களைப் பல காலமாகக் கண்டவன் என்ற முறையில், சொந்த ஊரிலேயே இந்தப் பரிசோதனை கிடைப்பதை நான் பெரிய விடயமாகவே மதிக்கிறேன்.

இந்த நிலையத்தில் என் மனதை மிகவும் தொட்டது, ஸ்கேன் அறைக்குள் போவதற்கு முன்னர் அவர்கள் கேட்ட கேள்விகள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும், 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) இயந்திரத்தின் புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு வலிமையானது. அதனால் இதய பேஸ்மேக்கர், காதினுள் பொருத்திய கருவி, மூளை இரத்தக் குழாயில் இட்ட கிளிப், இரும்பு ஒட்டும் வெல்டிங் வேலையின்போது கண்ணுக்குள் தெறித்த இரும்புத் துகள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. கிழக்கு மாகாணத்தில் அதற்கு மேலும் ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். யுத்தத்தில் உடலுக்குள் ஏறிய ஷெல் துண்டுகளோடும் சன்னங்களோடும் இன்றும் வாழ்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். காயம் ஆறி, வேலை தொடங்கி, பிள்ளைகள் வளர்ந்து, அந்தத் துண்டையே மறந்துவிட்டவர்கள் அவர்கள். ஆங்கிலப் படிவமொன்றில் உலோகம் உண்டா என்று அச்சடித்து ஒப்பம் வாங்கினால் அவர்கள் இல்லையென்றே ஒப்பமிடுவார்கள்.

இங்கே ஸ்கேன் எடுக்கும் றேடியோகிராபர் படிவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அம்மாவின் அருகில் இருந்து வாயால் கேட்டார்: "அம்மா, சண்டை நேரம் காயம் ஏதும் பட்டிருக்கா? ஷெல் துண்டு, சன்னம் ஏதும் உடம்புக்குள்ள கிடக்கா?" அம்மா சற்று யோசித்துவிட்டு, "ஓம் மகன், இடது கெண்டக்காலுக்குள்ள ஒண்டு கிடக்கு, எடுக்கத் தேவையில்ல எண்டு அப்பயே சொன்னாங்க" என்றார். வலது முழங்காலுக்குத்தானே ஸ்கேன் என்று அவர்கள் அதைக் கடந்து போகவில்லை. உடனே பரிசோதனையை நிறுத்தி, இடது காலுக்கு எக்ஸ்ரே எடுத்து, துண்டின் அளவையும் இடத்தையும் பார்த்து, கதிரியல் வைத்திய நிபுணரிடம் தொலைபேசியில் பேசினார்கள். இரும்பு கலந்த துண்டு காந்தப்புலத்தில் இழுபடவும் திரும்பவும் கூடும். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றின் அருகே இருந்தால் அது ஆபத்து. தசைக்குள் பல ஆண்டுகளாகக் கிடந்து, சுற்றிலும் தழும்புத் திசு படர்ந்த சிறு துண்டு பெரும்பாலும் நகர்வதில்லை. இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்து நிபுணர் அனுமதி தந்த பின்னரே அம்மாவை உள்ளே அழைத்தார்கள். காலில் சூடோ இழுவையோ தெரிந்தால் அழுத்தும்படி கையில் ஒரு பொத்தானையும் கொடுத்தார்கள். இந்த ஒன்றுக்காகவே இந்த நிலையத்தை நான் மற்றவர்களுக்குச் சொல்வேன். உங்கள் வீட்டில் எவருக்காவது ஸ்கேன் எழுதப்பட்டால், அங்கே கேட்காவிட்டாலும் நீங்களே அந்தப் பழைய காயத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

படப்பிடிப்பும் நேர்த்தியாக இருந்தது. முழங்கால் எம்.ஆர்.ஐ.யில் கால்கள்தான் முதலில் உள்ளே போகும், தலை பெரும்பாலும் வெளியிலேயே இருக்கும். ஆகவே அடைபட்ட இடத்துக்குப் பயப்படுபவர்களும் இதைத் தாங்கிக்கொள்ளலாம். முழங்காலைச் சுற்றிப் பொருந்தும் தனிக் கருவிக்குள் காலை வைத்து, அசையாதபடி பஞ்சுத் துண்டுகளால் இறுக்கினார்கள். இயந்திரத்தின் சத்தம் பலமானது. காதுக்கு அடைப்பும் அதன் மேல் தலையணியும் தந்தார்கள், தலையணி வழியாகத் தமிழிலேயே அவ்வப்போது பேசினார்கள். இந்தப் பரிசோதனை பொதுவாக 20 முதல் 40 நிமிடம் வரை பிடிக்கும். அந்நேரம் முழுவதும் நோகும் காலை அசைக்காமல் வைத்திருப்பது எளிதல்ல. தம்பி ஒரு தடவை அசைந்துவிட்டபோது, கலங்கிய அந்தப் படத் தொடரை அப்படியே விட்டுவிடாமல் திரும்ப எடுத்தார்கள். மில்லிமீற்றர் கணக்கில் தேடவேண்டிய கிழிவை மங்கிய படத்தில் தேட முடியாது என்பதால், நேரம் போனாலும் திரும்ப எடுப்பதே சரி. முழங்காலை முன்முகமாகவும் பக்கவாட்டிலும் குறுக்குவெட்டாகவும் மூன்று தளங்களில் எடுத்திருந்தார்கள். கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி நீரை மட்டும் வெண்மையாகக் காட்டும் தொடர்களும் இருந்தன. மெனிஸ்கஸ் கிழிவுக்கு ஊசி மருந்து ஏற்றிப் படம் எடுக்க வேண்டிய தேவை பொதுவாக இல்லை. இங்கே அதைக் காட்டிக் கட்டணத்தைக் கூட்டவும் இல்லை.

எம்.ஆர்.ஐ. படமெடுப்பது நம் உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஐதரசன் அணுக்கருக்களின் சமிக்ஞையை. மெனிஸ்கஸுக்குள்ளும் நீர் உண்டு. ஆனால் நெருக்கமான கொலாஜன் என்ற புரத நார்களுக்குள் அது சிறைப்பட்டிருப்பதால் சமிக்ஞை மிக விரைவாக மறைந்துவிடும். ஆகவே நல்ல மெனிஸ்கஸ் எல்லாத் தொடர்களிலும் கறுப்பாகவே தெரியும். அந்தக் கறுப்புக்குள் வெண்மையான கோடொன்று மேற்பரப்பையோ கீழ்ப்பரப்பையோ போய்த் தொட்டால் அது கிழிவு. அடுத்தடுத்த இரண்டு படங்களிலாவது அது தொட்டால்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும் என்பது கதிரியலில் பின்பற்றப்படும் விதி. கோடு உள்ளேயே நின்று எந்தப் பரப்பையும் தொடாவிட்டால், அது பெரும்பாலும் தேய்மானத்தின் அடையாளம் அல்லது இளம் வயதினரில் இரத்த ஓட்டத்தின் அடையாளம்.

தம்பியின் படங்களை அன்று நிலையத்தில் இருந்த கதிரியல் வைத்திய நிபுணரே பார்த்தார். உட்பக்க மெனிஸ்கஸ் நீளவாக்கில் கிழிந்து, உட்துண்டு வாளியின் கைபிடிபோலப் புரண்டு மூட்டின் நடுவே போய்க் கிடந்தது. பக்கவாட்டுப் படத்தில் பின் சிலுவைத் தசைநாருக்குக் கீழே அதற்கு இணையாக இன்னொரு கறுப்புப் பட்டை தெரிந்தது. இடம் பெயர்ந்த துண்டுக்கு அது பெயர்பெற்ற அடையாளம். அறிக்கையில் கிழிவின் நீளமும், அது வெளியோரத்துக்கு அருகே இருப்பதும், முன் சிலுவைத் தசைநார் சிதையாமல் இருப்பதும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தன. பூட்டிக்கொண்ட முழங்காலைப் பல கிழமைகள் விட்டுவைக்கக் கூடாது என்பதால், அனுப்பிய வைத்தியருக்கு அவர் அன்றே தொலைபேசியிலும் சொல்லிவிட்டார். பின்னர் சிறு துளை வழியாகக் கமராவைச் செலுத்தும் ஆர்த்ரோஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்தபோது கண்டது அறிக்கையோடு ஒத்திருந்தது. துண்டை வெட்டி அகற்றாமல், பழைய இடத்துக்கு நகர்த்தித் தைக்க முடிந்தது. அறிக்கையில் இடமும் நீளமும் இருந்ததால், தையலுக்குரிய பொருட்களோடு சத்திரசிகிச்சை நிபுணர் ஆயத்தமாகவே இருந்தார்.

இவ்வளவு தெளிவு எப்போதும் கிடைக்கும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம். பல ஆய்வுகளைத் திரட்டி 2003இல் வெளியான கட்டுரையொன்று, உட்பக்க மெனிஸ்கஸ் கிழிவுகளில் ஏறத்தாழ 93 சதவீதத்தை எம்.ஆர்.ஐ. கண்டுபிடிக்கிறது என்றும், வெளிப்பக்கத்தில் அது ஏறத்தாழ 79 சதவீதமாகக் குறைகிறது என்றும் காட்டியது. வெளிப்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதியை ஒட்டி ஒரு தசையின் நாண் கடந்து போகிறது, சிறு தசைநார்களும் அங்கே வந்து ஒட்டுகின்றன. அவை கிழிவுபோலத் தோன்றவும் கூடும், உண்மைக் கிழிவை மறைக்கவும் கூடும். அதனால்தான் வைத்தியரின் கைப்பரிசோதனைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது: மூட்டுக் கோட்டில் விரலால் அழுத்திப் பார்ப்பது, முழங்காலை மடக்கித் திருப்பி நீட்டும் மக்மரே பரிசோதனை, ஒற்றைக் காலில் நின்று உடலைத் திருப்பச் சொல்லும் தெசலி பரிசோதனை. எங்கே நோகிறது என்று வைத்தியர் ஸ்கேனுக்கு எழுதித் தரும் துண்டில் எழுதப்பட்டிருந்தால், படத்தைப் பார்ப்பவர் அந்த இடத்தை இரண்டாம் முறை பார்ப்பார்.

இந்த விவரங்களைக் கேட்காததே இந்த நிலையத்தின் மீதான என் முதற் குறை. அம்மாவின் துண்டில் "வலது முழங்கால் நோவு" என்ற அளவிலேயே எழுதப்பட்டிருந்தது. முன்பதிவு மேசையில் இருந்தவர்கள் வேறெதையும் கேட்கவில்லை: எவ்வளவு காலமாக நோகிறது, விழுந்தாரா, பூட்டிக்கொள்கிறதா, நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்ற எதையும் கேட்கவில்லை. உலோகத்தைப் பற்றி அவ்வளவு பொறுப்போடு கேட்டவர்கள் நோயைப் பற்றியும் நான்கு கேள்விகள் கேட்டிருக்கலாம். அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்த நாளில் நிபுணர் அங்கே இல்லாததால் படங்கள் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டன, அறிக்கையும் சொன்ன நாளைக் கடந்தே வந்தது. தூரத்திலிருந்து பார்த்தவருக்கு அம்மாவின் வயதையும் பெயரையும் தவிர வேறொன்றும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அறிக்கையில், உட்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதியில் தேய்மானத்தால் வந்த கிடையான கிழிவு என்றும், வெளிப்பக்கத்தில் இரண்டாந் தர மாற்றம் என்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. கிழிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் அம்மா நடப்பதற்கே பயந்துவிட்டார். அயலில் உள்ளவர்கள் ஒப்பரேஷன் செய்யத்தான் வேண்டும் என்றார்கள். இரண்டாந் தரம் என்பது மேற்பரப்பைத் தொடாத உட்கோடு, அது கிழிவே அல்ல என்பதைச் சொல்வதற்கு அறிக்கையைக் கையில் தந்த இடத்தில் எவரும் இருக்கவில்லை.

கிழிவு என்று எழுதப்பட்டதையும் வயதோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையான 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். 50 முதல் 59 வயதுப் பெண்களில் 19 சதவீதத்தினருக்கும், 70 வயதைக் கடந்த ஆண்களில் 56 சதவீதத்தினருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தோ சிதைந்தோ இருந்தது. கிழிவு காணப்பட்டவர்களில் 61 சதவீதமானோருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் நோவோ விறைப்போ இருக்கவில்லை. அதாவது, வயதான ஒருவருக்கு நோவும் இருந்து படத்தில் கிழிவும் இருந்தால், அந்த நோவுக்கு அந்தக் கிழிவுதான் காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட முடியாது. பின்லாந்தில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில், தேய்மானக் கிழிவு உள்ள 146 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உண்மையாகவே கிழிந்த பகுதியை வெட்டியகற்றினார்கள்; மறுபகுதியினருக்குத் தோலில் துளையிட்டு, உள்ளே பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். ஓராண்டு கழித்து இரு பகுதியினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை.

அம்மாவை அரச வைத்தியசாலை கிளினிக்கில் பார்த்த என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர், ஸ்கேனை ஒரு புறம் வைத்துவிட்டு முதலில் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். உட்பக்க இடைவெளி குறைந்திருந்தது. முழங்கால் பூட்டிக்கொள்ளவில்லை, ஒப்பரேஷன் தேவையில்லை, தொடையின் முன்தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகளை இயன்மருத்துவரிடம் பழகுங்கள், குந்தியிருப்பதைக் குறையுங்கள் என்றார். நின்ற நிலை எக்ஸ்ரேயும் அந்தப் பயிற்சியும் முதலிலேயே நடந்திருந்தால் இந்த எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டிருக்காது. அதை எழுதிக்கொடுத்தவர் வேறொரு வைத்தியர், ஸ்கேன் நிலையத்தைக் குற்றம் சொல்ல முடியாது என்று வாதிடலாம். ஆனால் சாதாரணக் குடும்பமொன்றுக்கு இந்தக் கட்டணம் பெரிய சுமை. எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்ற ஒரு கேள்வியைப் பதிவு மேசையில் கேட்பது நிலையத்தின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

சிறிய குறைகளும் உண்டு. முழங்கால் நோவோடு வருபவர்கள் ஏற வேண்டிய வாசலில் படிகள் இருக்கின்றன, சாய்தளம் இல்லை. தம்பியை இருவர் தூக்கித்தான் ஏற்றினோம். காத்திருக்கும் இடத்துக் கதிரைகள் மிகத் தாழ்வானவை. உடுப்பு மாற்றும் அறை துப்புரவாக இருந்தது, பெண்களுக்குத் தனி இடமும் பெண் உதவியாளரும் இருந்தார்கள்.

இளம் வயதில் காலைத் திருப்பிக்கொண்டு முழங்கால் வீங்கியவர்கள், பூட்டிக்கொள்பவர்கள், சத்திரசிகிச்சை நிபுணர் எழுதிய தெளிவான கேள்வியோடு வருபவர்கள் இந்த நிலையத்துக்குத் தயங்காமல் போகலாம். நிபுணர் நேரில் இருக்கும் நாளைக் கேட்டுப் பதிவு செய்வது நல்லது, கேட்டால் சொல்கிறார்கள். பழைய எக்ஸ்ரேக்களையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். கையில் தரும் பெரிய பிலிம் தாளில் தெரிவு செய்த படங்கள் மட்டுமே சிறிதாக இருக்கும். எல்லாப் படங்களும் அடங்கிய சீடியை அவர்கள் கேட்டால்தான் தருகிறார்கள். தம்பிக்குச் சத்திரசிகிச்சை செய்தவர் அறிக்கையை வாசிக்கும் முன்னர் அந்தச் சீடியைத் திறந்து, ஒவ்வொரு படமாகத் தானே பார்த்தார். கட்டணத்தைச் செலுத்தும்போதே அதைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் கணினியில் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.